தடுத்தவன் போட்ட கோல்

1

என் பெரியப்பா பந்தாட்டக்காரர். எழுபதுகளில் விருதுநகர்ப் பக்கம் நடந்த போட்டிகளில் பேக் ஆடியவர். அவர் மொழியில் சொன்னால் 'ஸ்டாப்பர்'. கால் விட்டுப்போன பிறகு சிவகாசிப் பக்கம் ஒரு பயராபீஸில் முப்பது வருஷம் போர்மேன். பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் ஊரில் யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. தீப்பெட்டியாபீஸ், பயராபீஸ் என்பதுதான் வழக்கு. மைதானத்தில் பார்த்ததும் பயராபீஸில் பார்த்ததும் ஒரே வேலைதான் என்று அவர் நினைத்திருந்தார். இது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

2024இல் 'மைதான்' என்ற இந்திப் படம் வந்தது. ஹைதராபாத் பள்ளி ஆசிரியராக இருந்து இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளரான சையத் அப்துல் ரஹீமைப் பற்றிய படம். செல்பேசியில் போட்டுக் காட்டினேன். முழுக்கப் பேசாமல் பார்த்தார். முடிந்ததும் சொன்னார்: "ஜர்னைல் சிங்கு பேக்குடா. பேக்கு கோல் போட்டாத்தான் பேர எழுதுதான். அவன் தடுத்தத எவன் எழுதி வச்சான்?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து புறப்படுகிறது.

வரலாறு என்று நாம் வாசிப்பது பெரும்பாலும் தாக்குதல்களின் வரலாறு. படையெடுத்தவன், வென்றவன், கோட்டையைப் பிடித்தவன். தாக்குதலுக்கு ஆவணம் உண்டு, தடுப்புக்குக் கிடையாது. கால்பந்தின் ஆட்டக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். கோல் அடித்தவன் பெயர் இருக்கும், எத்தனையாவது நிமிடம் என்பதும் இருக்கும். தடுக்கப்பட்ட கோலுக்கு நிமிடமும் இல்லை, பெயரும் இல்லை. நம்முடைய சடுகுடு இந்த விஷயத்தில் நேர்மையானது. பாடிப்போகிறவன் தொட்டாலும் புள்ளி, போனவனைப் பிடித்து அமுக்கினாலும் புள்ளி. பிடிப்பதும் அங்கே ஒரு சாதனையாகக் கணக்கில் ஏறுகிறது. கால்பந்தில் தடுப்பவன் செய்வது வெறும் இல்லாமை. 'கோல் விழவில்லை' என்பது ஒரு நிகழ்ச்சியாகவே மதிக்கப்படுவதில்லை.

இதிலிருந்து பிறந்த ஒரு பொதுப்புத்தி உண்டு. தடுப்பை முதலில் யோசிக்கிற பயிற்சியாளர் பயந்தாங்கொள்ளி. அவருக்குத் தாக்குதல் தெரியாது. அவர் பின்வரிசையைப் பார்த்துக்கொண்டு, முன்வரிசையை அதில் தேர்ந்தவர்கள் கையில் விட்டுவிட வேண்டும். தடுப்பு ஒரு துறை, தாக்குதல் வேறொரு துறை. இந்த இருமை எதிர்வை நாம் கேள்வியே இல்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறோம், விளையாட்டில் மட்டுமல்ல. இயக்கங்களிலும் 'தற்காப்பு அரசியல்' என்பது ஏறக்குறைய ஒரு வசவு. என் வாதம் இதற்கு எதிரானது. தடுக்கத் தெரிந்தவன் தாக்குதலில் கைவைத்த தருணங்களில்தான் இந்த ஆட்டத்தின் வரலாறு திரும்பியிருக்கிறது. இரண்டையும் இரண்டு பேர் கையில் பிரித்துக் கொடுத்த இடங்களில் ஆட்டம் தோற்றிருக்கிறது. எங்கள் ஊரில் ஆட்களே செத்திருக்கிறார்கள்.

2

'ஸ்டாப்பர்' என்பவன் ஆட்டத்தோடு கூடவே பிறந்தவனல்ல. அவனுக்கு ஒரு பிறந்த தேதி உண்டு. 1925இல் ஆஃப்சைடு விதியை மாற்றினார்கள். அதுவரை பந்தை வாங்குகிறவனுக்கும் கோல்கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். இனி இரண்டு பேர் போதும் என்றானது. கதவு அகலமாகத் திறந்துகொண்டது. கோல்கள் கொட்டின. அந்த அக்டோபரில் லண்டனின் ஆர்சனல் அணி நியூகாசிலிடம் 7 கோல் வாங்கித் தோற்றது. அணியின் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன். ஆட்டக்காரர் சார்லி புக்கன் சொன்ன யோசனையை அவர் ஏற்றார்: நடுக்களத்தில் உலாவிக்கொண்டிருந்த சென்டர் ஹாப் பின்னால் இறங்கி இரண்டு பேக்குகளுக்கு நடுவே நிற்கட்டும். இப்படித்தான் ஸ்டாப்பர் உண்டானான். பிற்பாடு 'டபிள்யூ-எம்' என்று உலகம் முழுக்கப் பரவிய அமைப்பு இதிலிருந்து வளர்ந்தது.

ஆர்சனலைச் சபித்தார்கள். அழகைக் கொன்றவர்கள், அதிர்ஷ்டத்தில் ஜெயிக்கிறவர்கள் என்றார்கள். ஆனால் ஒரு ஆளைப் பின்னால் எடுத்ததோடு சாப்மன் நிறுத்திக்கொள்ளவில்லை. பின்னால் ஒருவன் போனால் நடுவில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை யார் நிரப்புவது, பின்னால் பிடுங்கிய பந்தை முன்னால் யார் கொண்டுசேர்ப்பது? 1929இல் அலெக்ஸ் ஜேம்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரரை வாங்கி, கோல் அடிக்கும் வேலையிலிருந்து அவரை விடுவித்து, இந்த இணைப்பு வேலைக்கு வைத்தார். 1930-31 பருவத்தில் ஆர்சனல் லீக்கை வென்றது. 'தடுப்பாட்டக்காரர்கள்' என்று பேர் வாங்கிய அந்த அணி அந்தப் பருவத்தில் அடித்த கோல்கள் 127. இரண்டாமிடத்துக்கு வந்த ஆஸ்டன் வில்லா அதைவிட ஒன்று கூட, 128 அடித்திருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கோல் அதிகம் அடித்தவன் தோற்றான். எங்கே அடிக்க வேண்டும், எதை விழவிடக் கூடாது என்று இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்திருந்தவன் ஜெயித்தான்.

சாப்மனைப் பற்றி இன்னொரு செய்தி. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது வெறும் உபரித் தகவல் இல்லை. அவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். முதல் உலகப்போரின்போது, 1916இல், லீட்ஸ் நகரத்தை ஒட்டிய பார்ன்போ வெடிகுண்டுத் தொழிற்சாலையில் நிர்வாக வேலைக்குப் போனார். அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி இரவு அந்தத் தொழிற்சாலையின் 42ஆம் எண் அறை வெடித்தது. 35 பெண்கள் இறந்தார்கள். போர்க்காலத் தணிக்கை. செய்தி வெளிவரவில்லை. சில மணி நேரத்தில் வேலை மறுபடி தொடங்கியது. அதே 42ஆம் அறைக்கு மற்றப் பெண்கள் வேலைக்குப் போனார்கள்.

அந்த அறையின் நினைவிலிருந்துதான் ஸ்டாப்பர் பிறந்தான் என்று கதை கட்ட நான் வரவில்லை. அப்படிக் காரணம் ஒட்டவைப்பது மோசமான வரலாறு. நான் கவனிப்பது வேறு: மருந்தும் பெண்களும் அறை எண்ணும் மௌனமும் சேர்ந்த அந்த வரிசை, நூறு வருஷத்துக்குப் பிறகு சாத்தூர் ரோட்டில் வாசிக்கும்போது அயல்நாட்டுச் செய்தியாகவே தெரியவில்லை.

3

இனி ரஹீம். 1909இல் ஹைதராபாத்தில் பிறந்தார். பள்ளி ஆசிரியர். 1943 முதல் சாகும்வரை ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர். 1950இல் ஹைதராபாத் நகரப் போலீஸ் அணியைக் கையில் எடுத்தார்; 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை அந்த அணி வென்றது. 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம். இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்றார்கள்.

அடுத்த வருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக். யுகோஸ்லாவியா 10, இந்தியா 1. நம் ஆட்டக்காரர்களில் பலர் வெறுங்காலோடு அந்தக் குளிரில் ஆடினார்கள். தேசியப் பெருமிதம் பேசுகிற நூல்கள் இந்த ஆட்டத்தைத் தாவிப் போகும், அல்லது 'பூட்ஸ் இல்லாத குறை' என்று ஒரு வரியில் முடிக்கும். எனக்கு ரஹீமின் கதை இந்தப் பத்து கோலில்தான் தொடங்குகிறது. சாப்மனுக்கு ஏழு, இவருக்குப் பத்து.

இவரைத் தடுப்பாட்டக்காரர் என்று யாரும் சொன்னதில்லை. தொட்டவுடன் தட்டிவிடும் பாஸ், வேகம், தாக்குதல் என்றுதான் சொல்வார்கள். பந்தைக் காலில் உருட்டிக்கொண்டே ஓடக்கூடாது என்ற நிபந்தனையோடு பையன்களுக்குப் போட்டிகள் வைத்தார், பலவீனமான காலால் மட்டும் ஆட வேண்டும் என்று போட்டிகள் வைத்தார் என்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் சொல்வது வழக்கம். இதையெல்லாம் தாக்குதல் பயிற்சி என்று வாசிக்கலாம். பந்தை இழக்காதிருக்கும் பயிற்சி என்றும் வாசிக்கலாம். பந்து உன்னிடம் இருக்கும்வரை எதிரி கோல் அடிக்க முடியாது. தடுப்பின் முதல் பாடமே அதுதான்.

ஆட்டக் குறிப்புகளையே ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தேன். அடித்ததைக் கூட்டவில்லை, வாங்கியதைக் கூட்டினேன். 1952 ஹெல்சிங்கி: ஒரே ஆட்டத்தில் 10. 1956 மெல்பர்ன்: மூன்று ஆட்டத்தில் 9. ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதிக்குப் போனார்கள். நெவில் டிசோசா மூன்று கோல், நாலாவது 'கிட்டு' என்ற கிருஷ்ணசாமி. பிறகு யுகோஸ்லாவியாவிடம் 1-4, பல்கேரியாவிடம் 0-3. 1960 ரோம்: மூன்று ஆட்டத்தில் 6. ஹங்கேரியிடம் 1-2, பிரான்சோடு 1-1, பெருவிடம் 1-3. அங்கே இந்தியா அடித்த மூன்று கோலில் இரண்டு, செகந்திராபாத்தின் தமிழ்க் குடும்பத்துப் பையன் துளசிதாஸ் பலராம் போட்டவை. 1962 ஜகார்த்தா: ஐந்து ஆட்டத்தில் 6. ஆட்டத்துக்குப் பத்து என்பது ஒன்றும் சொச்சமுமாக இறங்கிவிட்டது. பத்து வருஷமாக ஒரு மனிதர் சத்தமில்லாமல் ஒரு கதவை அடைத்துக்கொண்டே வந்திருக்கிறார். அதை யாரும் பாடவில்லை. பாடுவதற்கு அதில் நிகழ்ச்சி இல்லை.

ஜகார்த்தாவுக்கு வருவோம். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2. அடுத்தது தாய்லாந்து, 4-1 வெற்றி. அந்த ஆட்டத்தில் ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி, தையல். ஜர்னைல் யார்? 1936இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் லயால்பூர்ப் பகுதியில் பிறந்தவர். பிரிவினையின்போது 11 வயசுப் பையன். மோகன் பகானின் தூண். ஆசியாவில் அவரைத் தாண்டிப் போவது லேசான காரியம் இல்லை. அவர் இல்லாமலே ஜப்பானை 2-0 என்று வென்றார்கள். இனி அரையிறுதி. கையில் காயம்பட்ட ஸ்டாப்பர். வழக்கமாக யோசிக்கிற பயிற்சியாளருக்கு இரண்டு வழிதான்: உட்கார வை, இல்லாவிட்டால் கட்டோடு அதே இடத்தில் நிறுத்து.

ரஹீம் அவரை சென்டர் பார்வர்டாக முன்னால் அனுப்பினார். பின்னால் நடுவிடத்தை அருண் கோஷ் பார்த்துக்கொண்டார். தென் வியட்நாமை 3-2 என்று வென்ற அந்த ஆட்டத்தில் சுனி கோஸ்வாமி இரண்டு, ஜர்னைல் ஒன்று.

1962 செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். எதிரே மறுபடி அதே தென்கொரியா. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா இடம் மறுத்ததை இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி எதிர்த்திருந்தார். ஊரே இந்தியாவுக்கு எதிராகக் கொதித்துக்கொண்டிருந்தது. செனாயன் மைதானத்தில் ஒரு லட்சம் பேர், பெரும்பாலும் இந்திய அணியை ஏசுவதற்கென்றே வந்தவர்கள். 17ஆவது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி ஒரு கோல். 20ஆவது நிமிடத்தில் ஜர்னைல். கடைசியில் கொரியா ஒன்று திருப்பியது. 2-1. தங்கம். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப் பிறகு இந்தியா தங்கம் வென்றதில்லை. அடுத்த ஆண்டு ஜூன் 11ஆம் தேதி ரஹீம் புற்றுநோயில் இறந்தார்.

இந்தக் கதையை வீரகாவியமாகச் சொல்வது எளிது. தலையில் கட்டு, ரத்தம், தேசம். அந்தப் பெருங்கதையாடலை உரித்துவிட்டு வெறும் ஆட்ட முடிவாக இதைப் பாருங்கள். தையல் போட்ட தலையோடு ஸ்டாப்பர் நின்றால், உயரமாக வருகிற ஒவ்வொரு பந்தையும் அவன் முட்டியே தீர வேண்டும். எப்போது முட்டுவது என்பதை எதிரி தீர்மானிப்பான். முன்னால் நின்றால் எந்தப் பந்துக்குப் போவது என்பதை அவனே தீர்மானிக்கலாம். அதற்கு மேல், ஸ்டாப்பருக்கு ஒரு அறிவு இருக்கிறது: எதிரே நிற்கும் ஸ்டாப்பர் எதற்குப் பயப்படுவான் என்று அவனுக்குத் தெரியும், ஏனென்றால் அவனே அதற்குப் பயந்திருக்கிறான். 1925இல் சாப்மன் நடுவிலிருந்த ஆளைப் பின்னால் இறக்கினார். 37 வருஷம் கழித்து ரஹீம் பின்னாலிருந்த ஆளை முன்னால் ஏற்றினார். இரண்டும் ஒரே சிந்தனையின் இரண்டு முனைகள்.

அதே இறுதி ஆட்டத்தில் ரஹீம் இன்னொன்றும் செய்தார். காய்ச்சலில் கிடந்த கோலி பீட்டர் தங்கராஜை மறுபடி கோலுக்குள் நிறுத்தினார். அதுவரை நன்றாகவே ஆடிக்கொண்டிருந்த பிரத்யுத் பர்மன் வெளியே உட்கார்ந்தார். தங்கராஜ் உயரமானவர், உயரப் பந்துகளைப் பிடுங்குவார். மெட்ராஸ் ரெஜிமென்டில் வளர்ந்த இந்தத் தமிழர் ஆரம்பத்தில் சென்டர் பார்வர்டாக ஆடியவர் என்பது ஒரு வேடிக்கை. ஆக அன்றைக்கு அந்த மைதானத்தில், இந்தியாவின் முன்முனையில் நின்றவர் ஒரு ஸ்டாப்பர், பின்முனையில் நின்றவர் ஒரு முன்னாள் சென்டர் பார்வர்டு. மையம் விளிம்பு என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ரஹீம் அதை இரண்டு பெயர்களை இடம் மாற்றி எழுதிவிட்டார்.

4

எதிர்த்தரப்பையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இது புகழ்மாலை ஆகிவிடும். தடுப்பு என்றதும் உலகம் சொல்லும் பெயர் ஹெலெனியோ ஹெர்ரேரா. அறுபதுகளில் மிலான் நகரத்து இன்டர் அணியின் பயிற்சியாளர். அவர் ஆட்டமுறைக்கு இத்தாலியில் 'கத்தனாச்சியோ' என்று பேர். கதவின் தாழ்ப்பாள் என்று அர்த்தம். எல்லோருக்கும் பின்னால் ஒரு ஆள் கூடுதலாக நிற்பான், தப்பி வருவதையெல்லாம் பெருக்கித் தள்ளுவான். 1964, 1965 என்று அடுத்தடுத்து இரண்டு ஐரோப்பியக் கோப்பை. திட்டாதவர்கள் இல்லை.

ஆனால் அந்தத் தாழ்ப்பாள் போட்ட வீட்டில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. இடது பேக் ஜியாசிந்தோ ஃபக்கெட்டி. 1965 அரையிறுதியில் லிவர்பூலுக்கு எதிராக கோல் போட்டவர். 1965-66 லீக்கில் மட்டும் 10 கோல். பேக்குக்கு அது அந்தக் காலத்தில் கேள்விப்படாத எண்ணிக்கை. பின்னால் ஒரு ஆள் கூடுதலாக நிற்பதால்தான் ஃபக்கெட்டி துணிந்து முன்னால் போக முடிந்தது. தாழ்ப்பாள்தான் அவருக்கு விடுதலை. ஹெர்ரேராவைக் காப்பியடித்தவர்கள் தாழ்ப்பாளை எடுத்துக்கொண்டார்கள், ஜன்னலை விட்டுவிட்டார்கள். தடுப்பாட்டம் உயிரற்றுப்போனது அவர்கள் கையில்.

தடுப்புக்கு அதன் நோயும் உண்டு. 1967 மே 25, லிஸ்பன், ஐரோப்பியக் கோப்பை இறுதி. இன்டர் ஆரம்பத்திலேயே பெனால்டியில் ஒரு கோல் போட்டது. போட்டுவிட்டுக் கதவை அடைத்துக்கொண்டது. எதிரே ஸ்காட்லாந்தின் செல்டிக். அலை அலையாக வந்தார்கள், 2-1 என்று ஜெயித்தார்கள். செல்டிக்கின் முதல் கோலைப் போட்ட டாமி ஜெம்மல் யார் தெரியுமா? அவரும் இடது பேக்தான். அன்றைக்கு இன்டரின் பேக் முன்னால் போகவில்லை, செல்டிக்கின் பேக் போனார். கதவை அடைத்தது தப்பில்லை. அடைத்த கதவுக்குப் பின்னால் வேறெதையும் யோசிக்காமல் உட்கார்ந்ததுதான் தப்பு.

5

இப்போது நம் ஊருக்கு வரலாம். இதுவரை சொன்னதை உவமையாக்கி ஊர் மேல் போர்த்தப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெல்லையின் பனங்காட்டுப் பகுதிகளிலிருந்து வடக்கே வந்து வியாபாரம் செய்த நாடார்கள், வழிநெடுக 'பேட்டை' அமைத்தார்கள். மாட்டுவண்டியையும் சரக்கையும் களவிலிருந்தும் தாக்குதலிலிருந்தும் காப்பதற்கான மதில் சூழ்ந்த இடம். விருதுபட்டி, அருப்புக்கோட்டை, சிவகாசி, திருமங்கலம் என்று இந்த ஊர்களின் தோற்றமே தற்காப்பில் இருக்கிறது. 1899 ஜூனில் சிவகாசி தாக்கப்பட்டு வீடுகள் எரிந்தபோது அந்தத் தற்காப்பு எவ்வளவு தேவையானது என்பது நிரூபணமானது.

ஆனால் பேட்டையின் சூட்சுமம் மதிலில் இல்லை, மகிமையில் இருந்தது. உள்ளே வருகிற சரக்குக்கு ஒரு சிறு தொகை பொதுவுக்கு எடுத்து வைப்பதுதான் மகிமை. மதிலைப் பராமரிக்கப் பிரித்த காசு மதிலோடு நிற்கவில்லை. கிணறு வெட்டியது, கோயில் கட்டியது, பள்ளிக்கூடம் நடத்தியது. காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலா இந்த ஏற்பாட்டின் பிள்ளை. காவல் காசைத் தாக்குதலுக்குத் திருப்பினார்கள். காசைப் பிரித்தவர்களும் அதை எங்கே செலுத்துவது என்று முடிவெடுத்தவர்களும் ஒரே ஆட்கள். இதைச் சாதிப் பெருமையாகப் படிக்கிறவர்கள் படிக்கட்டும். எந்த மதிலுக்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உண்டு, இந்த மதிலுக்கும் உண்டு. நான் பார்ப்பது ஒரு செயல்முறையை: தடுப்பும் தாக்குதலும் ஒரே சபையில் பேசப்பட்டன.

1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பு, மத்தாப்பிலிருந்து வெடி, கூடவே அச்சு. மழையில்லாத கரிசல் மண் ஒரு தொழில் மண்டலமாயிற்று. பேட்டையின் மதில் மறுபடி வந்தது, இம்முறை பயராபீஸ் மதிலாக. இந்த மதிலுக்குள்ளும் தடுப்பாட்டம் உண்டு. ஓர் அறைக்கும் மறு அறைக்கும் இடையே இவ்வளவு தூரம், ஓர் அறைக்குள் இத்தனை பேர், ஒரு நேரத்தில் இவ்வளவு மருந்து என்று விதி இருக்கிறது. உரசக்கூடாது, மிச்ச மருந்தை ராத்திரி விட்டுவைக்கக்கூடாது. இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு ஸ்டாப்பர் இருக்கிறான். அவன் பேர் போர்மேன்.

ஆனால் தாக்குதல் அவன் கையில் இல்லை. தீபாவளிக்கு இத்தனை லோடு என்பதை ஆர்டர் எடுக்கும் இடம் முடிவு செய்கிறது. ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை என்பதை பீஸ் ரேட் முடிவு செய்கிறது. லைசென்ஸ் வைத்திருப்பவர் ஒருவர், உள்குத்தகைக்கு எடுத்து ஓட்டுகிறவர் இன்னொருவர் என்றால் அதையும் யாரோ முடிவு செய்கிறார்கள். அறைக்கு இத்தனை பேர் என்பதற்கும் நாளைக்கு இத்தனை குரோஸ் என்பதற்கும் நடுவே உள்ள முரண்பாட்டைப் பேச ஒரு மேஜை இல்லை. அறைக்குள் ஆள் கூடும். அறை போதாமல் மரத்தடிக்கு வேலை வரும். விதி தடுப்பாளனிடம், அளவு தாக்குகிறவனிடம்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஏறத்தாழ 40 பேர். உதவி செய்ய ஓடிவந்தவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 20 பேருக்கு மேல். நடுவிலும் பிறகும் எத்தனையோ தேதிகள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் செய்தி ஒரே அச்சில் வரும்: மருந்து உராய்வு, விதிமீறல், நிவாரணம், கைது. கைதானவர்கள் பட்டியலில் போர்மேன் பெயர் தவறாமல் இருக்கும். கோல் விழுந்தால் ஸ்டாப்பரைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். பந்தை நடுக்களத்தில் தொலைத்தவனை யாரும் பார்ப்பதில்லை.

பெரியப்பா வேலையை விட்டது ஒரு ஐப்பசி மாதத்துக்கு முன்னால். அந்த ஆபீஸின் பேர் இங்கே வேண்டாம். மழை ஈரம். மருந்தறையை அன்றைக்கு நிறுத்தணும் என்று சொல்லியிருக்கிறார். கணக்குப் பார்க்கிறவர் சொன்ன பதில்: "உன் வேலை பாதுகாப்பு. உற்பத்தியப் பத்திப் பேச நீ யாரு?" பெரியப்பா அன்று மருந்தறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் வேலை போயிற்று. அந்த அறை அன்றைக்கு வெடிக்கவில்லை. வெடிக்காத அறை எந்தப் பேப்பரிலும் வராது. அது வெடித்திருக்குமா என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. அதுதான் தடுப்பின் சாபம். ஜெயித்தால் சாட்சி இல்லை.

6

நண்பர்கள் சிலர் இந்தப் பகுதியில் தொழிற்சங்க வேலை செய்கிறார்கள். அவர்களோடு எனக்கு இருக்கும் சண்டையை இங்கே எழுதிவிடுகிறேன். பல வருஷமாக நாம் கேட்பதெல்லாம் நிவாரணத் தொகை, மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு, ஆய்வாளர் எண்ணிக்கை. எல்லாம் நியாயம், எல்லாம் தேவை. குழந்தைத் தொழிலாளர் விஷயத்தில் 1996இல் உச்ச நீதிமன்றம் சிவகாசியை முன்வைத்துத் தீர்ப்புச் சொன்னதற்குப் பின்னால் எத்தனையோ பேரின் உழைப்பு இருக்கிறது. 2018இல் அதே நீதிமன்றம் பேரியத்தையும் சரவெடியையும் தடுத்தது. ஆனால் எந்த மருந்தைக் கொண்டு என்ன செய்வது, எந்த வேகத்தில் செய்வது என்ற பேச்சில் மருந்தைத் தொடுகிறவர்களுக்கு இடம் இருந்ததா? தடுப்பு நம்முடையது, தாக்குதல் அவர்களுடையது என்ற பிரிவினையை நாமே ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். லிஸ்பனில் இன்டர் உட்கார்ந்த மாதிரி.

'தற்காப்பு போதும், தாக்குதலுக்குப் போவோம்' என்று கோஷம் போடுவது என் நோக்கமில்லை. அது அதே இருமையின் மறுபக்கம். பத்து கோல் வாங்கியவனுக்கு முதலில் கதவு வேண்டும். ரஹீம் பத்து வருஷம் கதவைத்தான் பார்த்தார். ஆனால் கதவைப் பார்த்த அதே மனிதர்தான், கதவில் நின்றவனைப் பிடித்து முன்னால் அனுப்பினார். பயராபீஸில் அதற்கு அர்த்தம் இதுதான்: மருந்தறையை மூடச் சொல்கிற அதிகாரம் எவனிடம் இருக்கிறதோ, நாளைக்கு எத்தனை குரோஸ் என்று எழுதுகிற மேஜையிலும் அவனுக்கு நாற்காலி வேண்டும். பீஸ் ரேட்டைப் பேசும்போது திரி முடிகிற அக்காவும் அங்கே உட்கார வேண்டும். எந்த வேகத்தில் விரல் நடுங்கும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

எழுதியதைப் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சாப்மன், ஹெர்ரேரா எல்லாம் அவருக்குப் புதுசு. பொறுமையாகக் கேட்டார். ஃபக்கெட்டியின் பத்து கோலை மட்டும் இரண்டு தரம் கேட்டுக்கொண்டார்.

"நீங்க எப்பவாச்சும் மேல ஏறிக் கோல் போட்டிருக்கீங்களா பெரியப்பா?"

"ஒருக்கா. அருப்புக்கோட்டைல."

"அப்புறம் ஏன் போகல?"

"நான் மேல போனா எறங்கி நிக்கதுக்கு எவனாச்சும் வேணும்லா? அன்னைக்கு ஒருத்தன் நின்னான். அப்புறம் எவனும் நிக்கல."

அன்றைக்கு இறங்கி நின்றவர் யார் என்று கேட்டேன். பெயர் ஞாபகத்துக்கு வரவில்லை என்றார்.